மஞ்சள் காகிதத்தில் பதினொரு பேர்

உயிரோடு இருந்த பதினொரு பேருக்கு ஒரே நாளில் நான் காரியம் செய்திருக்கிறேன். அந்தப் பட்டியலில் முதல் பேர் என்னுடையது.

பெருமைக்காகச் சொல்லவில்லை. எங்கள் வீட்டுக்கு யாராவது புதிதாக வந்தால், காப்பி ஆறுவதற்குள் இந்தக் கதையை எடுத்துவிடுகிறார்கள். ஆளாளுக்கு இஷ்டத்துக்கு மாற்றிச் சொல்கிறார்கள். என் கணவர் சேகர் சொல்லும்போது, நான் அந்தக் கோயிலுக்குள் கை தட்டினேன் என்று சேர்த்துக்கொள்கிறார். நான் கை தட்டவில்லை. எனவே நடந்ததை நானே எழுதிவிடுகிறேன்.

முதலில் என்னைப் பற்றி. எனக்குக் கோபம் வரும். வரிசையில் நிற்க வைத்தால் இன்னும் வரும். மனதில் பட்டதைச் சொல்லிவிடுவேன். இதை நல்ல குணம் என்று ஐம்பது வயது வரை நினைத்துக்கொண்டிருந்தேன். (சொந்த ஊர் விருதுநகர். எங்கள் தெருவில் எல்லாருமே இப்படித்தான். டெக்சஸ் வந்த பிறகுதான் இதை ஒரு வியாதியாகப் பார்க்கிறார்கள் என்று தெரிந்தது.) வேலை, ஹூஸ்டனில் ஒரு மருத்துவமனையில் நோயாளிகளின் இதயத்துக்கு எக்கோ எடுப்பது. வீடு பேர்லேண்டில்.

எங்களுக்கு ஒரே மகள், யாழினி. அவள் கெவின் என்ற வியட்நாம்காரப் பையனைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னாள். கெவின் ஹூஸ்டனிலேயே பிறந்தவன், நல்ல பையன், என்னை ஆன்ட்டி என்று கூப்பிடுவான், பயப்படுவான். எனக்கு இரண்டும் பிடித்திருந்தது. சரி, அப்பா அம்மாவை அழைத்து வா என்றேன்.

வந்தார்கள். அப்பா பெயர் லாம். சிறு வயதில் குடும்பத்தோடு படகேறித் தப்பி வந்தவர். ஏசி ரிப்பேர் செய்கிற கடை வைத்திருந்தார். அம்மா ஹோவா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். லாமுக்கு ஆறு வாரம் முன்னால்தான் பைபாஸ் ஆகியிருந்தது. கஷ்டப்பட்டு எங்கள் வீட்டு நாலு படி ஏறி, மூச்சு வாங்கி, உட்கார்ந்து, ரசம் நன்றாயிருக்கிறது என்று சொல்லி, சந்தோஷமாக ஒரு வாக்கியம் பேசினார். (நாங்கள் பேசிக்கொண்டது எல்லாம் ஆங்கிலத்தில். இங்கே தமிழில் தருகிறேன்.)

"இப்ப என் ஹார்ட் புதுசு மாதிரின்னு டாக்டர் சொல்றார்."

நான் சொன்னேன்: "புதுசெல்லாம் இல்ல. கால்லேர்ந்து எடுத்து வச்ச நரம்பு. ஒரு பத்து வருஷம் தாங்கும்."

லாமின் ஸ்பூன் பாதி வழியில் நின்றது. ஏதோ தப்பாகப் போய்விட்டது என்று எனக்கே தெரிந்தது. சரிசெய்யலாம் என்று, "சில பேருக்குப் பன்னண்டு" என்றேன்.

யாழினி என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள். ஒன்றைச் சொல்ல வேண்டும். இங்கே பிறந்த எல்லாப் பிள்ளைகளையும் போல அவளும் எது கேட்டாலும் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்வாள். கோபம் தலைக்கு ஏறினால் மட்டும் தமிழ் வரும். அன்றைக்குச் சுத்தமான தமிழ் வந்தது.

"அவர் ஹார்ட்டுக்கு எக்ஸ்பைரி டேட் சொல்றியாம்மா? இன்னும் ஒரு தடவை. ஒன்னே ஒன்னு. அவங்கப்பாவைப் பத்தி இப்படி ஏதாவது பண்ணினா, நாங்க கோர்ட்ஹவுஸ்ல கல்யாணம் பண்ணிக்கறோம். நீ வர வேண்டாம். ஃபோட்டோ அனுப்பறேன்."

சும்மா மிரட்டுகிற பெண் இல்லை. என் பெண்.

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். எனக்கு அது வராது. அர்ச்சனை செய்ய வரும். என் கைப்பையில் எப்போதும் ஓர் அட்டை இருக்கும். குடும்பத்தில் எல்லாருடைய பெயர், நட்சத்திரம், ராசி, ஆங்கிலத்தில் டைப் அடித்து லேமினேட் செய்தது. நான், சேகர், யாழினி, ஊரிலுள்ள என் அப்பா அம்மா, மாமியார், என் தம்பி, தம்பி மனைவி, ஆக எட்டுப் பேர். கோயிலில் அர்ச்சகர் பேர் கேட்டால் அட்டையை நீட்டிவிடுவேன். (பின்னால் நிற்கிறவர்கள் பெருமூச்சு விடுவது கேட்கும். விடட்டும்.) அந்த வாரம் கெவினிடம் அவன் வீட்டு மூன்று பேர் பிறந்த தேதியையும் வாங்கினேன். பிறந்தநாளுக்குப் பரிசு கொடுக்க வேண்டும் என்று பொய் சொன்னேன். பிறந்த நேரம் தெரியாததால் மூன்று பேருக்கும் மதியம் பன்னிரண்டு மணி என்று நானே போட்டு, போன் ஆப்பில் நட்சத்திரம் கண்டுபிடித்து, பதினொரு பேரோடு புது அட்டை அடித்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

ஆகஸ்டில் லாம் தன் சொந்த ஊருக்குப் போக முடிவு செய்தார். உயிர் பிழைத்ததற்கு ஊர்க் கோயிலில் கும்பிட வேண்டும், வழியில் பழைய புத்த கோயில்களையும் பார்க்கலாம், நீங்களும் வாருங்கள் என்றார். எனக்கு இன்னொரு வாய்ப்பு கொடுக்கிறார் என்று புரிந்தது. விமானத்தில் ஏறும் முன் யாழினி என் தோளைத் தொட்டு, "ஜஸ்ட் ஸ்மைல், அம்மா" என்றாள். டேகேரில் விட்டுப் போகும் அம்மா குழந்தையிடம் சொல்கிற மாதிரி.

ஏழு நாள் நான் வாயைத் திறக்கவில்லை. இது சாதாரண விஷயம் இல்லை. ஹனோயில் ஒரு குளத்துக்கு நடுவே ஒற்றைத் தூணின் மேல் கோயில். குருவிக்கூடு அளவு. ஏறிக் கும்பிட்டு இறங்க அத்தனை பெரிய வரிசை. நான் கீழேயே நின்று கும்பிட்டுவிட்டு, அழகாக இருக்கிறது என்றேன். நின் பின் என்ற ஊரில் மலைக்குள் மூன்று அடுக்காகக் கோயில். முழங்காலைக் கேட்டுக்கொண்டு கட்டின படிகள் இல்லை அவை. உச்சியில் இருட்டுக் குகை, சொட்டுகிற தண்ணீர், கறுத்துப் போன புத்தர். அங்கே ஐந்து நிமிடம் எனக்குக் கோபமே வரவில்லை. அதையும் யாரிடமும் சொல்லவில்லை.

எல்லாக் கோயிலிலும் சன்னதியில் பிஸ்கட் டப்பாக்கள். குளிர்பான டின்களைக் கோபுரம் மாதிரி அடுக்கி வைத்திருக்கிறார்கள். இது என்ன சாமிக்கு நைவேத்தியமா, பலசரக்குக் கடையா என்று நாக்கின் நுனி வரை வந்தது. யாழினி பார்த்தாள். விழுங்கினேன். ஹுவே நகரத்தில் ஆற்றங்கரையில் ஏழு நிலைக் கோபுரம். அதன் அடியில் நின்று லாம், சின்ன வயதில் அப்பா அந்தக் கோபுரத்தைக் காட்டப் படகில் அழைத்து வந்த கதையைச் சொன்னார். அந்த வெயிலில் முழுக்கதையும் கேட்டேன். நடுவில் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

சேகர் ஓட்டலில் சொன்னார்: "ஏழு நாளா நீ யாரையும் திட்டலடி. உடம்பு கிடம்பு சரியில்லையா?"

எட்டாம் நாள் லாமின் ஊர்.

ஹுவேயிலிருந்து வேனில் ஒரு மணி நேரம். வயல், வாத்துக் கூட்டம், நடுவே திடீரென்று கல்லறைகள். கோயில் சின்னது, மிகப் பழையது. ஓடெல்லாம் பாசி. கூரை முகட்டில் டிராகன், உடம்பு முழுக்க உடைந்த பீங்கான் துண்டு பதித்து. அன்றைக்கு அவர்கள் கணக்கில் ஏழாம் மாதப் பௌர்ணமி. பெற்றவர்களை நினைக்கிற நாள் என்று கெவின் சொன்னான். வாசலில் ஒரு பெண் தட்டில் துணி ரோஜாக்கள் வைத்துக்கொண்டு நின்றாள். அம்மா இருக்கிறவர்களுக்குச் சிவப்பு, இல்லாதவர்களுக்கு வெள்ளை. லாம் வெள்ளை குத்திக்கொண்டார்.

"உங்கம்மா இருக்காங்களான்னு கேக்கறாங்க, ஆன்ட்டி."

"இருக்காங்க. விருதுநகர்ல இந்நேரம் யாரையாவது வைஞ்சிட்டிருப்பாங்க."

எனக்குச் சிவப்பு ரோஜா குத்திவிட்டார்கள். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். என் அம்மா உயிரோடு இருக்கிறாள் என்று நெஞ்சிலேயே குத்தியிருந்தது. ஒரு மணி நேரத்தில் அவளுக்கும் காரியம் செய்தேன்.

லாமும் குடும்பமும் உறவினர்களைப் பார்க்கப் போனார்கள். சேகரும் யாழினியும் டிராகனைப் படம் எடுக்கப் போனார்கள். நான் தனியாக முற்றத்துக்கு வந்தேன். தகரக் கொட்டகையின் கீழ் இரண்டு மேஜை. ஒவ்வொன்றிலும் ஒரு பெரியவர் உட்கார்ந்து, வருகிறவர்கள் சொல்லும் பேர்களைக் காகிதத்தில் எழுதிக்கொண்டிருந்தார். பார்த்ததும் புரிந்துவிட்டது. அர்ச்சனைச் சீட்டு! உலகம் முழுக்கக் கோயில் ஒன்றுதான் என்று மனசு குளிர்ந்தது. கையோடு அட்டையை எடுத்தேன்.

ஒரு மேஜையில் சிவப்புக் காகிதம். அதன் முன்னால் வெயிலில் ஐம்பது அறுபது பேர். இன்னொன்றில் மஞ்சள் காகிதம். மூன்றே பேர்.

இங்கே என் மூளை எப்படி வேலை செய்தது என்று சொல்லிவிடுகிறேன். மஞ்சள் என்றால் மங்களம். கல்யாணப் பத்திரிகை முனையில் மஞ்சள் தடவுகிறோம். தாலிக்கயிறு மஞ்சள். எனவே மஞ்சள் காகிதம் விசேஷ அர்ச்சனை. கூட்டம் ஏன் இல்லை? விசேஷ அர்ச்சனைக்கு எங்கேதான் கூட்டம் இருந்திருக்கிறது? எதிரே வரிசையில் நின்ற அறுபது பேரைப் பார்த்து, விவரம் தெரியாத ஜனங்கள் என்று நினைத்தேன். அவர்கள் ஊர்க் கோயிலில், அவர்கள் மொழியில் எழுதியிருந்த பலகைக்குக் கீழே நின்று, இப்படி நினைத்தேன்.

என் முறை வந்தது. பெரியவர் ஏதோ கேட்டார். அட்டையை நீட்டினேன். அவர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். ஒன்று, இரண்டு என்று விரல் வைத்து எண்ணினார். பதினொன்றுக்கு வந்ததும் என்னை நிமிர்ந்து பார்த்தார். அப்படி யாரும் என்னைப் பார்த்ததில்லை. அட்டை முழுவதையும் கையால் வளைத்துக் காட்டி, எல்லாருமா என்று சைகையில் கேட்டார்.

ஆமாம், எல்லாரும் என்று தலையாட்டினேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு இரண்டு கையையும் நெஞ்சுக்கு முன் தூக்கி ஸ்டியரிங் பிடிப்பது போல் திருப்பிக் காட்டினார். வண்டியா என்கிறார். நாங்கள் வேனில் வந்ததைப் பார்த்திருக்கிறார் போல. ஆமாம் ஆமாம், வண்டிதான், எல்லாரும் ஒரே வண்டியில் என்று நானும் ஸ்டியரிங்கைத் திருப்பிக் காட்டினேன். சிரித்துக்கொண்டே.

உடனே எழுந்து அவருடைய நாற்காலியை எனக்குப் போட்டார். பக்கத்திலிருந்தவரை விரட்டி டீ கொண்டுவரச் சொன்னார். பின்னால் நின்ற ஒரு அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். இன்னொருவர் விசிறினார். நானும் அந்த அம்மாளின் கையைத் தட்டிக்கொடுத்தேன். ஒரு அர்ச்சனைச் சீட்டுக்கு இத்தனை மரியாதையா, எவ்வளவு பாசமான ஜனங்கள் என்று நினைத்துக்கொண்டு டீயைக் குடித்தேன். பெரியவர் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்துப் பதினொரு பேரையும் எழுதினார். கடைசியில் எழுந்து நின்று எனக்குக் கை குவித்தார்.

பூஜை ஆரம்பித்தது. எல்லாரும் பாயில் உட்கார்ந்தோம். லாம், ஹோவா, கெவின் முதல் வரிசை. நாங்கள் மூன்று பேரும் அவர்களுக்குப் பின்னால். பிக்குணிகள் மரத்தாலான தட்டுவாத்தியத்தைத் தட்டிக்கொண்டு ஓதினார்கள். சிவப்புக் காகிதங்களைப் படித்தார்கள். பிறகு மணி மூன்று முறை அடித்தது. ஓதும் குரலே மாறிக் கனமானது. தலைமைப் பிக்கு மஞ்சள் காகிதக் கட்டை எடுத்தார். ஆங்காங்கே மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. பக்தி என்று நினைத்தேன்.

ஒரு காகிதத்தில் அவர் திணறினார். "மா... லி... கா" என்றார்.

என் பேர் மல்லிகா.

சேகரை இடித்தேன். "ஏங்க, நம்ம பேரு!"

"நம்ம பேரு எப்படி இங்க?"

"நான் குடுத்தேன். விசேஷ அர்ச்சனை."

பேர் படித்தால் எழுந்து நின்று கும்பிடுவது என் வழக்கம். எழுந்தேன். கூடம் முழுக்க உட்கார்ந்திருக்க நான் மட்டும் நின்று, கன்னத்தில் போட்டுக்கொண்டேன். "சே... கர்" என்றார் பிக்கு. "யா... ஜி... னி" என்றார். யாழினி என் புடவையைப் பிடித்து இழுத்தாள். நான் விடவில்லை. என் அம்மா பேர், அப்பா பேர், மாமியார் பேர் எல்லாம் உடைந்து உடைந்து வந்தன. ஐந்து மாதமாக மனதில் இருந்த பாரம் இறங்கப் போகிறது என்று எனக்கு ஒரு பூரிப்பு. குனிந்து முன்வரிசையைத் தட்டினேன்.

"மிஸ்டர் லாம்! இருங்க, அடுத்தது உங்க பேருதான்!"

அவர் திரும்பிப் பார்த்தார். அந்த நேரம் பிக்கு, திணறாமல், முழுசாக, ஊரில் எல்லாருக்கும் தெரிந்த லாமின் பெயரைக் கணீரென்று படித்தார்.

மூன்றாம் வரிசையிலிருந்து லாமின் வயதான அத்தை ஓவென்று அலறினார். அமெரிக்காவில் நெஞ்சைப் பிளந்து ஆபரேஷன் நடந்தது அந்த ஊருக்கே தெரியும். கூடம் மொத்தமும் எழுந்து லாமைப் பார்த்தது. பிக்கு காகிதத்தையும் லாமையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்கு டீ கொடுத்த பெரியவர் என்னையும் சேகரையும் யாழினியையும் ஒவ்வொருவராக விரல் வைத்து எண்ணினார்.

கெவின் மெதுவாக என் பக்கம் சாய்ந்தான். "ஆன்ட்டி, எந்தக் கலர் பேப்பர்ல எழுதினீங்க?"

"மஞ்சள்."

"சிவப்பு, உயிரோட இருக்கறவங்களுக்கு."

"மஞ்சள்?"

அவன் லாமைத் திரும்பிப் பார்த்தான். கடைசியில், "செத்துப்போனவங்க ஆத்மா கரையேறணும்னு படிக்கறது" என்றான்.

"அப்போ நான்?"

"லிஸ்ட்ல நீங்கதான் ஃபர்ஸ்ட், ஆன்ட்டி."

லாம் எழுந்தார். வெளியே போய்விட்டார். ஹோவா அத்தையைப் பிடிக்க ஓடினார். நான் யாழினியைப் பார்த்தேன். ஆங்கிலத்தில் ஏதாவது சொல்லிவிடு என்று எல்லாச் சாமியையும் வேண்டிக்கொண்டேன்.

"உன்னை நான் என்ன பண்றதும்மா" என்றாள். தமிழில்.

கோர்ட்ஹவுஸ் வாசலில் அவளும் கெவினும் நிற்கிற ஃபோட்டோ என் கண்முன் வந்தது. என் போனுக்கு அது வருகிற சத்தம்கூடக் கேட்டது.

லாம் முற்றத்தில் ஒரு மரத்தடிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கை நெஞ்சின் மேல் இருந்தது. ஆபரேஷன் தழும்பு இருக்கிற இடம். போய் முன்னால் நின்றேன். என் வாழ்க்கையில் முதல் முறையாகச் சொன்னேன்.

"ஸாரி. மஞ்சள்தான் விசேஷம்னு நினைச்சேன். வரிசையும் சின்னதா இருந்தது."

அவர் நிமிரவே இல்லை. "என் பேர் உங்களுக்கு எதுக்கு?"

அட்டையை எடுத்துக் கொடுத்தேன். அவர் வெயிலில் சாய்த்துப் பிடித்துப் படித்தார். தன் பேரைக் கண்டுபிடித்தார். லேமினேஷன் மேல் விரலை ஓட்டினார்.

"இதை எப்போதும் வச்சிருப்பீங்களா?"

"ஆமா. எங்க ஊர்க் கோயில்ல பேர் சொல்லிப் பூஜை பண்ணுவாங்க."

"எத்தனை தடவை பண்ணியிருக்கீங்க?"

"செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை. அன்னைக்குச் சாப்பாட்டு மேஜையில அந்தப் பத்து வருஷம்னு சொன்னேனே, அதுலேர்ந்து."

அட்டையைக் கண்ணருகே கொண்டுபோனார். "என் பேருக்குப் பக்கத்துல என்ன?"

"உங்க நட்சத்திரம். கேட்டை."

"நல்ல நட்சத்திரமா?"

இந்த இடத்தில் ஒரு சாதாரண மனுஷி ஆமாம் என்று சொல்லியிருப்பாள். எனக்குப் பொய் வரவில்லை.

"அவ்வளவு நல்லதில்ல. மனைவியோட அண்ணனுக்கு ஆகாதுன்னு சொல்வாங்க."

லாம் யோசித்தார். "ஹோவாவுக்கு ரெண்டு அண்ணன். எனக்கு ரெண்டு பேரையும் பிடிக்காது."

முகத்தில் சிரிப்பே இல்லாமல்தான் சொன்னார். பிறகு தோள் குலுங்க ஆரம்பித்தது. சிரித்தால் நெஞ்சு வலிக்கிறது போலிருக்கிறது, ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்குத் தொழில் பயம் வந்து, "மெதுவா, மெதுவா" என்றேன். அதற்கும் சிரித்தார். பின்னால் திரும்பினால் யாழினியும் கெவினும் தூணருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். எத்தனை நேரமாக என்று தெரியவில்லை.

"ஆனா இந்தத் தேதி தப்பு" என்றார் லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அகதி முகாம்ல அதிகாரி கேட்டப்போ அப்பா ஏதோ ஒரு தேதி சொன்னார். நிஜமா நான் பிறந்த நாள் யாருக்கும் தெரியாது."

"அப்போ அஞ்சு மாசமா நான் யாருக்கு அர்ச்சனை பண்ணினேன்?"

"தெரியாது. அவர் ரொம்ப நல்லா இருப்பார்."

அதன்பிறகு பரிகாரம். பிக்கு எதுவும் ஆகாது என்று சொல்லிவிட்டார். அத்தை ஒப்புக்கொள்ளவில்லை. செத்தவர்கள் கணக்கில் போன பேரை, இருக்கிறவர்கள் கணக்கில் திரும்ப எழுதியே ஆக வேண்டும் என்றார். சிவப்பு மேஜை வரிசையில் ஆறு பேரும் நின்றோம். வரிசை இன்னும் நீண்டிருந்தது. ஒருவர்கூட முன்னால் விடவில்லை. மஞ்சள் மேஜைப் பெரியவர் வந்து என் டீ தம்ளரை எடுத்துக்கொண்டு போனார். என் கையைப் பிடித்து அழுத அம்மாள், நான் ஏமாற்றி அழுகையை வாங்கிவிட்ட மாதிரி முறைத்தார்.

வெயிலில் யாழினி என் பக்கத்தில் வந்து நின்றாள். ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள். எனக்கு உயிர் வந்தது.

"எவ்ரி டியூஸ்டே? ரியலி?"

"ம்."

"அவர் மூஞ்சிக்கு நேரா பத்து வருஷம்னு சொல்லத் தெரியுது. இதை என்கிட்டகூடச் சொல்ல முடியாதா?" இந்தப் பாதி தமிழில் வந்தது. ஆனால் கோபமாக இல்லை. கோபம் இல்லாமல் அவள் தமிழ் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"நீ கேட்டியா?" என்றேன்.

குடையை என் தலைக்கு மேல் நகர்த்திப் பிடித்தாள். ஒன்றரை மணி நேரம் நின்றோம். நான் யாரையும் திட்டவில்லை. சேகர் இதைத் தனியாகச் சொல்கிறார், கை தட்டினதைச் சொல்லிவிட்டு.

கல்யாணம் அடுத்த மார்ச்சில் நடந்தது. கோர்ட்ஹவுஸில் இல்லை. பேர்லேண்டில் மண்டபம், காலையில் முகூர்த்தம், மாலையில் அவர்கள் முறைப்படி டீ கொடுத்து வணங்குகிற சடங்கு. லாம் மைக்கைப் பிடித்து, வந்திருந்த நானூறு பேரிடம் என்னை அறிமுகப்படுத்தினார்: "இவங்க என் சம்மந்தி. என் காரியத்தை முன்கூட்டியே நல்லபடியா முடிச்சுக் குடுத்தவங்க." சம்மந்தி என்ற சொல்லை யாழினியிடம் கற்றுக்கொண்டாராம். அதிலிருந்து என்னை சம்மந்தி என்றுதான் கூப்பிடுகிறார். எங்கள் வீட்டில் நான் எந்தப் படிவத்தை எடுத்தாலும், லைசென்ஸ் புதுப்பிப்பதாக இருந்தாலும், பேத்தியை டேகேரில் சேர்ப்பதாக இருந்தாலும், எங்கிருந்தாவது ஒரு குரல் வரும். "என்ன கலர்?"

ஒவ்வொரு வருடமும் அந்த ஏழாம் மாதப் பௌர்ணமியன்று காலை எட்டு மணிக்கு லாமிடமிருந்து எனக்கு ஒரு குறுஞ்செய்தி வரும். 'இன்னும் இருக்கிறேன்.' அவ்வளவுதான். நான் 'சரி' என்று போடுவேன்.

போன வருடம் வரவில்லை. ஒன்பது மணி ஆனது. பத்து ஆனது. கூப்பிட்டேன், எடுக்கவில்லை. ஹோவாவைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. யாழினியைக் கூப்பிட்டு என்ன சொல்வது? வேலையில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு காரை எடுத்தேன். ஃப்ரீவேயில் முன்னால் போன எல்லாரையும் திட்டினேன். நரம்பு எத்தனை வருடம் தாங்கும் என்று கணக்குப் போடக் கூடாது என்று முடிவு செய்துகொண்டு, வழி முழுக்க அதையே கணக்குப் போட்டேன்.

அவர்கள் வீட்டுப் பக்கவாட்டுக் கதவு திறந்திருந்தது. லாம் பின்கட்டில் முட்டிபோட்டு, கை முழுக்க மண்ணோடு, புதினா நட்டுக்கொண்டிருந்தார். போன் சமையலறையில் சார்ஜில் கிடந்தது.

நான் கத்தின கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைக்க ஆரம்பித்தது. "ஒரு மெசேஜ்! ஒரே ஒரு மெசேஜ் போட முடியாதா? நான் என்னன்னு நினைக்கறது?"

அவர் கையிலிருந்த மண்ணைத் தட்டினார். என்னை மேலும் கீழும் பார்த்தார். செருப்பு மாற்றாமல் மருத்துவமனை உடுப்போடு அப்படியே வந்திருந்தேன்.

"எதுக்கு இப்படி அழறீங்க, சம்மந்தி?" என்றார். "எனக்குச் செய்ய வேண்டியதையெல்லாம்தான் அன்னைக்கே செஞ்சுட்டீங்களே."